ஃபாதரின் மடியில் இருந்த கால்கள்

தேவராஜ மார்க்கெட்டில் கடைக்காரர் வேப்பெண்ணெய் டின்னைத் திறந்ததும், இன்று வீட்டுமனைகளாகிவிட்ட அந்தத் தொழுநோயாளர் இல்லத்தின் நீண்ட வராந்தாவும், மாலையில் அங்கே நீட்டியிருந்த கால்களும், என் பொறாமையும் சேர்ந்தே திரும்பி வந்தன.

தொண்ணூறுகளில் அம்மா அங்கே நர்ஸ். பள்ளி விட்டதும் நானும் அங்கேதான் போவேன். வெளிநாட்டிலிருந்து இளைஞராக வந்து நோயாளிகளோடே கிழவராகிவிட்ட ஃபாதர், தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தண்ணீரில் ஊறவைத்து, மடியில் எடுத்துவைத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஹனூர்ப் பக்கத்து மாதம்மாவின் விரலில்லாத கால்களுக்குத்தான் அதிக நேரம். எனக்குத் தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். என் அப்பாகூட என் காலை அப்படித் தொட்டதில்லை.

ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு, மாதம்மாவை முந்திக்கொண்டு உட்கார்ந்து காலை நீட்டினேன்.

"எனக்கும் பாருங்க ஃபாதர்."

அவர் சிரித்தார். "உனக்கு முள் குத்தினா நீயே அழுவே, மகளே. இவங்க காலுக்கு உணர்ச்சி இல்ல, குத்தினாலும் தெரியாது. அதான் நான் தேடறேன்."

எனக்குச் சமாதானமாகவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

மாதம்மா குனிந்து கேட்டாள்: "முள்ளு குத்துனா நல்லா வலிக்குமா கண்ணு?"

"ரொம்ப வலிக்கும்," என்றேன், ஃபாதருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக.

அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் அவள் கால்களை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.