அண்ணன் விழுந்தால் பெனால்டி

எங்கள் ஊரில் காலை வாரிவிடுவதும் மரியாதையாகத்தான் நடக்கும். பந்தை விட்டுவிட்டு முழங்காலில் உதைத்தவன், "ஏனுங்க, பட்டுருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தைத் துரத்துவான். உதை வாங்கியவனும் "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை அதே மரியாதையோடு அவன் கணுக்காலைத் தேடுவான். வெளியூர் டீம்கள் இதைப் பார்த்துக் குழம்பிப்போகும். திட்டினால் திருப்பித் திட்டலாம். "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே மிதிக்கிறவனை என்ன செய்வது?

அறுபதுகளின் நடுவில், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. சாயங்காலம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்தில் ஆட்டம். நான் கோல்கீப்பர். கோல்கீப்பருக்கு ஓட்டம் குறைவு, வேடிக்கை அதிகம். அதனால் அந்த மைதானத்தில் நடந்ததைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. மறுக்கிறவர்கள் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

என் அண்ணன்தான் சென்டர் பார்வர்டு. ஓட்டம் சுமார், உதை அதைவிடச் சுமார். ஆனால் விழுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிராளியின் சட்டை நுனி பட்டாலே போதும், மரம் சாய்கிற மாதிரிச் சாய்வான். கண் மேலே செருகிக்கொள்ளும். பல் கிட்டிக்கொள்ளும். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். நடுவராக இருந்த பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பதறிப்போய் விசில் ஊதுவார். உடனே பெனால்டி.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. கம்பெனியில் துணி வெட்டிய பிறகு மிஞ்சுகிற துண்டுகளை ஒரு மூலையில் ஆள் உயரத்துக்குக் குவித்துப் போட்டிருப்பார்கள். நான் கட்டிங் டேபிளில் நிற்பேன். அண்ணன் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். சாப்பாட்டு நேரத்தில் அவன் அந்தக் குவியலின் மேல் விழுந்து விழுந்து பழகுவான். ஒருநாள் நானும் ஆசைப்பட்டு விழுந்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தொபுக்கடீர்னு உழுந்தா எவன்டா நம்புவான்? உழறதுக்கு முன்னால சித்தெ தள்ளாடோணும். 'அய்யோ'ங்கறது பாதி வாயிலயே நிக்கோணும்."

இவ்வளவு சிரத்தையாகச் செய்தவனுக்கு ஒரு குறை இருந்தது. எழுந்த பிறகு எந்தக் காலை நொண்டுவது என்பதை மறந்துவிடுவான். நான் கோல் கம்பத்திலிருந்து, "அண்ணா, அந்தக் கால்!" என்று கத்தி ஞாபகப்படுத்த வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று சொல்வது தப்பு, அவனே பார்த்துவிட்டான். பல்லடத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் அந்தப் பெண் ரசம் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இவன் போதும் என்று கையைக் காட்ட, அவள் அவன் கை மேலேயே ஊற்றிவிட்டுச் சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "கட்டுனா அந்தப் புள்ளையத்தான்" என்று உட்கார்ந்துவிட்டான். அதற்கு முன் வந்த நாலைந்து ஜாதகங்களை அவனே தட்டிக் கழித்திருந்தான். அவனுக்கு ஆகாமல் எனக்கு ஆகாது. எனக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதனால் அந்த ரசத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டார் பல்லடத்துக்குத் தெற்கே தோட்டக்காரர்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. "விசாரிச்சுப் போட்டுச் சொல்றமுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். விசாரிப்பது என்றால் எங்கள் பக்கம் பெரிய வேலை. முன்னால் சொல்லிவிட்டு வரமாட்டார்கள். யாரோ ஒருவர் வந்து டீக்கடையில் கேட்பார், சலூனில் கேட்பார், கம்பெனி வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுப்பார். இது தெரிந்த அம்மா, தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். சலூன்காரர்கூட அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மைதானத்தை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்களோடு ஆட்டம். நாள் முழுவதும் சுத்தியல் பிடிக்கிறவர்கள். அவர்களுடைய புல்பேக் ஒருத்தர், அண்டாவுக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பார். அவரும் விழுவார். ஆனால் தான் விழுந்தது எல்லாமே நிஜம் என்று கோயிலில் சூடம் அணைக்கத் தயாராக இருப்பார். அண்ணனுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது.

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடிகிற நேரம். என் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வேட்டியும் துண்டுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். பந்தாட்டம் பார்த்துப் பழக்கமில்லாதவர் என்று நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"ஏனுங்க தம்பி, இதுல நிட்டிங் மெசின் ஓட்டற தம்பி யாருங்க?" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் புகழ் தோட்டங்காடு வரைக்கும் பரவிவிட்டது என்று நினைத்தேன்.

"அதா, அந்தக் கோடியில நிக்கறாரு பாருங்க. சித்தெ இருங்க, இப்ப ஒண்ணு செய்வாரு."

சொல்லி வாய் மூடவில்லை, அண்ணன் செய்தான். புல்பேக் பக்கத்தில் வந்தார், அவ்வளவுதான். தள்ளாடி, பாதி 'அய்யோ' சொல்லி, சாய்ந்து, கண்ணைச் செருகி, கைகால்களை வெட்டி இழுத்தான். விசில் பறந்தது.

"அட கெரகமே!" என்று ஒரு சத்தம். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினார். ஓடும்போதே மடியிலிருந்து தோட்டத்து மோட்டார் ரூம் சாவிக்கொத்தை எடுத்தார். அண்ணன் பக்கத்தில் மண்டி போட்டு, அவன் உள்ளங்கையில் சாவியைத் திணித்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி. இரும்பப் புடிச்சுக்கோங்க. இப்ப உட்டுரும்."

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். கையில் சாவி, எதிரே முன்பின் தெரியாத முகம். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுருச்சு" என்று பெரியவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "என்ற அண்ணன் மகளுக்கு இந்தத் தம்பியத்தான் கேட்டிருக்குதுங்க. நல்ல காலம், நேர்ல வந்தேன். வலிப்பு இருக்கறது ஒருத்தருஞ் சொல்லுல பாருங்க."

அண்ணன் முகம் பிளீச்சிங் போட்ட பனியன் மாதிரி வெளுத்துவிட்டது. பெரியவர் சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார்.

எங்கள் கேப்டன் அண்ணன் காதில், "பெனால்டிடா. வாயத் தொறந்தீன்னா தொலஞ்சோம்" என்றான். டிரில் மாஸ்டர் பந்தைப் பெனால்டி புள்ளியில் வைத்துவிட்டார். அண்ணன் பந்தைப் பார்த்தான். போய்க்கொண்டிருந்த முதுகைப் பார்த்தான். அதுவரை நொண்டத் தயாராக இருந்த காலை உதறிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினான்.

"மாமா! எனக்கு நோவொண்ணும் இல்லீங்க மாமா! சும்மாங்காட்டி உழுந்தனுங்க!"

மைதானம் முழுக்கக் கேட்டது. டிரில் மாஸ்டர் வாயிலிருந்து விசில் நழுவியது.

பெரியவர் நின்றார். "சும்மா யாருங்க இப்படி உழுவாங்க? நோவு இருக்கறவங்க இல்லைன்னுதானுங்க சொல்லுவாங்க."

"வேணும்னா இன்னொருக்கா உழுந்து காட்டறனுங்க."

காட்டினான். வாழ்க்கைப் பிரச்சினை அல்லவா, ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் ஆயுளிலேயே அதுதான் முதல்தரமான விழுதல் என்பேன். பெரியவர் அலறிக்கொண்டு மறுபடியும் சாவியை எடுத்தார். "ரெண்டாந் தடவயும் வந்துருச்சே!"

எனக்குப் பொறுக்கவில்லை. கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "இது பழக்கந்தானுங்க, நானும் உழுவனுங்க" என்று சொல்லி நானும் விழுந்து உருண்டேன்.

"நீங்க யாருங்க?"

"இவரு தம்பிங்க."

"அண்ணந் தம்பி ரெண்டு பேருக்குமா! பரம்பரையாவே இருக்குதாட்டருக்குது."

என் கல்யாணமும் அந்த மண்ணில் புரண்டு போனது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் டீம்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். பெரியவர் பயந்துபோய் எங்களைச் சுற்றி வந்தார். "எல்லாம் பனியன் கம்பெனியிலயா இருக்கறீங்க? அந்தத் தண்ணி சேரலையாட்டருக்குதுங்க" என்றார். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதுவரைக்கும் அவன் எத்தனையோ முறை அழுது நடித்துப் பார்த்திருக்கிறேன். இது வேறு என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அந்த அனுப்பர்பாளையத்துப் புல்பேக் முன்னால் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு அவருடைய டீமைப் பார்த்தார்.

"கல்யாணக் காரியமுங்க. இதுல எதிரி டீமுன்னு பாக்கப்படாது."

சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்பை அப்படியே சாய்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினார் பாருங்கள், நான் அசந்துபோனேன். அவர் பின்னாலேயே பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி இருந்தது. மைதானம் முழுக்க ஆள் புரண்டுகொண்டிருக்க, நின்றுகொண்டிருந்தவர்கள் பெரியவரும் டிரில் மாஸ்டரும் மட்டும்தான்.

டிரில் மாஸ்டர் புல்பேக் பக்கத்தில் போய்க் குனிந்தார். "போன தடவை உனக்குக் குடுத்தனே பெனால்டி?"

"அதுஞ் சும்மாதானுங்க சார்" என்றார் அவர், படுத்தபடியே, மரியாதையாக.

டிரில் மாஸ்டர் பந்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷமும் கொடுத்த பெனால்டிகளை எல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பெரியவருக்கு இப்போது விளங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அண்ணன் முன்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தன பேரும் இத்தன நல்லாப் பொய்க்கு உழறீங்க. நாளைக்கு நெசமா அடிபட்டா, ஊட்டுல இருக்கறவங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

அண்ணன் தொடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே தலையைக் குனிந்து சொன்னான்.

"நெசமா அடிபட்டா உழுந்து கெடக்க மாட்டனுங்க மாமா. ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவனுங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "புள்ளைகிட்டச் சொல்றனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். பெனால்டியை டிரில் மாஸ்டர் ரத்து செய்தார். மிச்சமிருந்த நேரத்தில் பட்டறைக்காரர்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள். விட்டவன் நான்தான், எனக்கு அன்றைக்குப் பந்து கண்ணுக்கே தெரியவில்லை. கேப்டன் எங்களோடு பேசாமல் போய்விட்டான்.

அடுத்த வாரமே வெற்றிலை பாக்கு மாற்ற ஆள் வந்தது. பெண்ணின் சித்தப்பாவான அந்தப் பெரியவர் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் விழுந்து காட்டியே சொன்னாராம். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து, கடைசியில் அண்ணன் சொன்ன பதிலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சரி என்று சொன்னாளாம். கல்யாணத்துக்கு அனுப்பர்பாளையத்து டீம் முழுசாக வந்தது. எனக்கும் பிறகு ஆயிற்று, பரம்பரை நோவு பற்றி யாரும் பேசவில்லை.

அண்ணி வந்த பிறகு அண்ணனின் வித்தை வீட்டில் செல்லுபடியாகவில்லை. தலைவலி என்று முனகுவான், காய்ச்சல் என்று போர்த்திக்கொள்வான், அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பார். ஒருநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து நானும் அவனும் சேர்ந்துதான் வந்தோம். வழியெல்லாம் அவன் வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான், நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. வாசலில் அண்ணி, "ஏனுங்க, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்றார்.

"ஒண்ணுமில்லை" என்றான் அண்ணன்.

அண்ணி கையிலிருந்த பால் சொம்பை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, "எங்கீங்க பட்டுது, காட்டுங்க" என்றார்.