அத்தை பார்க்காத படம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் அத்தைக்குக் காவலாக என்னை வீட்டில் நியமித்திருந்தார்கள். அத்தைக்கு அப்போது இருபத்தொன்று. கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தையல் கடை, கோயில், தோழி வீடு என்று அவள் எங்கே போனாலும் நானும் கூடப் போக வேண்டும். தனியாகத் தெருவைக் கடக்க எனக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் துணை நான்தான். இதில் யாருக்கு யார் துணை என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் அந்தப் பதவியை ரொம்பவே பெரிதாக நினைத்திருந்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கப்பலில் ஆபீசர். எங்கள் கடற்கரையில் அதற்கு மேல் ஒரு மாப்பிள்ளை கிடையாது. என் அப்பா கப்பலில் இருந்தார். பெரியப்பா இருபத்தைந்து வருடம் கப்பலில் போசன். தளத்தில் இருக்கிற கயிறு, கம்பி, நங்கூரம் எல்லாம் அவர் பொறுப்பு. முழங்கால் போனதும் வீட்டோடு வந்துவிட்டார். தாய் தகப்பன் இல்லாத கடைக்குட்டித் தங்கையான அத்தையை வளர்த்தவரும் அவர்தான். ஆண்கள் கப்பலேறுவதும், பெண்கள் அவர்கள் வருகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பதும் எங்கள் வீட்டில் சோறு தின்பது மாதிரி சாதாரணம். அத்தைக்கு மட்டும் அந்த ஆபீசரைக் கட்டிக்கொள்வதைவிட, தானே அந்த ஆபீசராகிவிட வேண்டும் என்று இருந்தது. அதை அவள் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள். பெரியப்பா கோபப்படவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள் என்று பிற்பாடு அம்மா சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை மேட்னி பார்க்கப் போவதாக அத்தை அனுமதி கேட்டாள். கல்யாணமாகிப் போகிற பெண், ஒரு படம்தானே என்று விட்டார்கள். துணைக்கு நான். படத்தை அவள் தேர்ந்தெடுக்கவில்லை, தியேட்டரைத்தான் தேர்ந்தெடுத்தாள். அதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டலில், கப்பலில் ஆபீசர் ஆவதற்குப் படிக்க ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வு அன்றைக்கு நடந்தது.

இடைவேளையில் பலகாரம் விற்கும் கேன்டீன் அண்ணாச்சியிடம் என்னை ஒப்படைத்தாள். ஒரு பப்ஸும் கூல்ட்ரிங்க்ஸும் வாங்கிக் கொடுத்தாள். என் பக்கத்து இருக்கையில் தன் குடையை நிறுத்தி வைத்தாள்.

“இந்தக் குடைதான் நான்னு நெனச்சுக்கோ. எந்திரிச்சு எங்கயும் போகக் கூடாது. படத்த ஒண்ணு விடாமப் பாத்து வையி. வீட்ல நான்லா கதை சொல்லணும்.”

எங்கள் வீட்டு வழக்கம் அது. யார் படம் பார்த்துவிட்டு வந்தாலும், சாயங்காலம் செபமாலை முடிந்ததும், முழுக் கதையையும் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பாதியில் விட முடியாது. பெரியப்பா குறுக்கு விசாரணை செய்வார். ஆகவே அத்தைக்காக ஒரு முழுப் படத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் எங்கே போகிறாள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஆபீஸில் பேசப் போகிறாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வேறு ஏதோ நாட்டுப் படம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். பெயர் மறந்துவிட்டது. வாய் முதலில் அசையும், பேச்சு பின்னால் வரும். ஒரு மலையூர். இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவில் ஆழமான பள்ளம். அந்தப் பள்ளத்தில் எப்போதும் பால் பொங்கினது போல மூடுபனி. அந்த ஊர் மணிக்கூண்டுக்குச் சாவி கொடுக்கிற ஒருவனுக்கு ஓர் ஆசை. கம்பி கட்டி, அதன் மேல் நடந்தே அக்கரை மலைக்குப் போக வேண்டும். ஏன் போக வேண்டும் என்று அவன் சொல்லவே இல்லை. துணி காயப்போடும் கொடியில் ஆரம்பித்தான். வைக்கோலில் விழுந்தான். ஊரே சிரித்தது. அவன் அம்மா கதவைப் பூட்டினாள். அவன் ஜன்னல் வழியாக ஒரு பட்டம் விட்டான்.

அந்தப் பட்டம் அக்கரை மரத்தில் போய்ச் சிக்கியது. பட்டத்தின் நூலில் சணலைக் கட்டினான், சணலில் கயிற்றைக் கட்டினான், கயிற்றில் கம்பியைக் கட்டினான். துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும்போது நான் பார்த்திருக்கிறேன். முதலில் மெல்லிய கயிறு பறந்து வரும், அது பெரிய வடத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அதேதான். சந்தோஷம் தாங்காமல் அதை நான் குடையிடம் சொன்னேன்.

பிறகு அவன் நடக்க ஆரம்பித்தான். பாட்டு நின்றுவிட்டது. காற்று மட்டும்தான். அது படத்துக் காற்றா தியேட்டர் ஃபேன் காற்றா என்று தெரியவில்லை. பின்வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். பனி ஏறி ஏறி முதலில் கம்பியை மறைத்தது, பிறகு அக்கரையை மறைத்தது. அவன் வெறும் வெள்ளையின் மேல் கையை விரித்துக்கொண்டு நின்றான். எனக்குக் கால் கூசியது. கீழே தரை இருப்பதே மறந்துபோய், பப்ஸைக் கையில் பிடித்தபடி நானும் அங்கேயே நின்றேன். அந்த மாதிரி ஓர் அமைதியில் அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். அத்தை.

“வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“அத்தே, அவன் நடுவுல நிக்கான்.”

“நிக்கட்டும்ளா. இந்த பஸ்ஸ விட்டா வீட்ல ஆயிரம் கேள்வி வரும்.”

திரையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வெளியே வந்தேன், வாசல் திரை விழும்வரை அவன் நடுவில்தான் நின்றான்.

பஸ் மாப்பிள்ளையூரணி தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போனது. அத்தை ஜன்னலைப் பார்த்து, “எடுத்துக்கிட்டாவ” என்றாள். “ரெண்டு வாரத்துல மெட்ராஸுக்கு வரணுமாம்.” பிறகு பரீட்சை எழுதி வந்தவள் போல அவர்கள் கேட்ட கேள்விகளைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கம்பி, கயிறு, கிளாம்பு என்று காதில் விழுந்தது. அவளும் ஏதோ கம்பிப் படம்தான் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பு இருந்தது, குடைப் பிடியை மட்டும் திருகிக்கொண்டே இருந்தாள். பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அந்தத் தவிப்பு என்று இன்று தெரிகிறது. அவர் மறுபடியும் சிரித்துவிட்டால் அவள் எங்கேயும் போயிருக்க மாட்டாள்.

நான் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாத்தித் தண்ணீரில் வானம் கிடந்தது. ரோட்டோரக் கரண்டுக் கம்பி தண்ணீரிலும் ஓடியது. அந்த மனிதன் மேலே ஒருத்தனாகவும் தண்ணீருக்குள் தலைகீழாக ஒருத்தனாகவும் எங்கள் பஸ்ஸோடு கூடவே நடந்து வந்தான். கம்பங்கள் வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்று, தாண்டி வந்தான்.

“சரி, முடிவு என்ன?” என்றாள் அத்தை.

“நீங்கதான் பாக்க விடலையே.”

எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்ததும், “முடிவ நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

செபமாலை முடிந்தது. பெரியப்பா வலிக்கிற காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தை கதை சொன்னாள். பார்க்காத படத்தை அவள் சொன்ன அழகில், பார்த்த எனக்கே வாய் பிளந்தது. பட்டத்து நூல் வந்ததும் பெரியப்பா தொடையைத் தட்டினார். “எங்க ஈவிங் லைன்தான் அது, வடத்துக்கு முன்னால வீசுத சின்னக் கயிறு” என்று குஷியாகி, விசாரணையைத் தொடங்கினார்.

“கம்பி ஆடுமே, அதுக்கு என்ன செஞ்சான்?”

“ரெண்டு பக்கமும் சாய்வாக் கயிறு இழுத்துக் கட்டுனான்.”

“முனைய எப்படிளா நிறுத்துனான்? முடிச்சா?”

“கம்பிய முடிச்சுப் போட்டா முறிஞ்சிரும்லாண்ணே. வளைச்சு மூணு கிளாம்பு போட்டான்.”

பெரியப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “கிளாம்புல சேடில் எந்தப் பக்கம்?”

“பாரம் இழுக்குத கம்பி மேல. யூ-போல்ட்டு, மடக்குன வால் பக்கம். மாத்திப் போட்டா வழுக்கிரும்.”

இதெல்லாம் நான் சொல்லவே இல்லை. அத்தை வாய்க்கு வந்தபடி அளக்கிறாள், இதோ மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை அழுத்திப் பிடிக்கிற அந்தச் சேடில் எந்தப் பக்கம் என்று எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள். அம்மாவின் கை வெங்காயத்தோடு நின்றது. வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், என்னைத் தவிர யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பொறவு?” என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. “அக்கரைக்குப் போயிட்டானா?”

“போயிட்டான்.”

“பயமில்லையாமா அவனுக்கு?”

“நெறைய இருக்கு.”

“போனவன் திரும்பி வந்தானா?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். “வருவான்ணே. லீவு கெடைக்கும்லா.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கம்பியில் நடக்கிறவனுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? நான் மட்டும்தான் சிரிக்கிறேன் என்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பெரியப்பா காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார். முழங்காலைத் தேய்த்தார். அத்தையைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம வாரவுகள வரவேண்டாம்னு சொல்லிரும்மா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்துக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமைக்கென்று எனக்கு ரோஸ் கலரில் கவுன் தைத்து வைத்திருந்தது. அத்தை பொய் சொன்னதைப் பெரியப்பா கண்டுபிடித்து, தண்டனையாகக் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார் என்று முடிவு கட்டினேன். முழுப் படத்தையும் பார்க்காமல் வந்த என் மேல்தான் குற்றம். ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அத்தை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். அவ்வளவு அழுகையை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. ஆபீசர் மாப்பிள்ளை கைவிட்டுப் போனால் யாருக்குத்தான் தாங்கும்? அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, “அழாதீங்க அத்தே, வேற மாப்பிள்ளை கெடைக்கும்” என்றேன். அவள் என்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நல்லபடியாகத் தேற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.