ஒன்பதாவது மீன்

துபாய்க்குப் போன மகள், தொட்டியில் ஒன்பது மீன்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பாசி படர்ந்து தண்ணீர் பச்சையான பிறகு எட்டுதான் தென்பட்டன. ஞாயிறுதோறும் போனில் ஒன்பது என்றே பொய் சொல்லி வந்தேன்.

தம்பானூரிலிருந்து வண்ணமீன் கடைக்காரரை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர். தொட்டியில் கை விடுமுன் முழங்கைவரை மூன்று முறை கழுவினார். மீன் ஏதும் அவர் பைக்குள் போய்விடக் கூடாதென்று நான் அருகிலேயே நின்றேன்.

“தீனி கூடுதலாக்கும் சாரே.”

“வேளைக்கு இருபது உருண்டை. எண்ணித்தானே போடறேன்!”

“போடுறத எண்ணினிய, சரி. தின்னாம கெடக்குறத எண்ணினியளா?”

எண்ணியதில்லை.

கண்ணாடியைச் சுரண்டி, பாதித் தண்ணீரை மாற்றி, தொட்டியைப் போர்வையால் மூடினார். “மூணு நாளு வெளிச்சமும் வேண்டாம், தீனியும் வேண்டாம். ஒம்பதும் சுகமா இருக்கும்.”

எண்ணிக்கையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

நான்காம் நாள் திறந்தேன். தண்ணீர் தெளிந்திருந்தது. மீன்கள் ஒன்பது. பழைய மீன்தான் பாசிக்குள் மறைந்திருந்ததா, அவர் கொண்டுவந்து விட்டதா? பைக்குள் போவதைத்தான் காவல் காத்தேன். பையிலிருந்து வருவதை அல்ல. மீனுக்கென்று அவர் காசும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு மகளிடம் ஒன்பது என்றேன். அப்போதும் பொய் சொல்வது போலவே இருந்தது.