செல்வாம்பாள் வீட்டு வெறுங்கிண்ணம்

செல்வாம்பாளக்காவைப் பற்றி மூலக்குளத்தில் யாரைக் கேட்டாலும், "அந்தச் சைனாக்கார அம்மாவா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா பிறந்தது சைகோனில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் போன புதுச்சேரிக்காரர். அம்மா லான், வியட்நாம்காரர். இதில் சைனா எங்கே வந்தது? இருபத்தாறு வருடம் மில்லில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று நூல் சுற்றியவள் நான். எனக்குத் தெரியாததா?

ஐம்பத்து நாலில் வியட்நாமை வடக்கு, தெற்கு என்று இரண்டாக வகுந்தார்கள். அதே வருடம் நவம்பரில் நம் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. மறு வருடம் மூன்று வயதுக் குழந்தையோடு லானம்மா இங்கே கப்பலில் வந்து இறங்கினார். கூடப் பிறந்த தங்கை மாய் வடக்கே மாட்டிக்கொண்டார். அப்புறம் ஒரு கடுதாசி இல்லை.

அப்போது நாங்கள் எல்லோரும் மில் பக்கத்துத் தெருவில் இருந்தோம். நவம்பர் ஒன்றாம் தேதி கொடியேற்றம் முடிந்ததும் லானம்மா தெருவுக்கே பாயசம் ஊற்றுவார். ஏனென்று கேட்டால், "உங்களுக்குச் சேந்துடுச்சு. எங்களுக்கும் சேரும்" என்பார். எனக்கு அந்த வயதில் பாயசம்தான் முக்கியம்.

பொங்கல் போய்ச் சில வாரத்தில் அவர்களுக்குப் புது வருடம். இறந்துபோன முன்னோருக்குக் கிண்ணங்களில் சோறு வைத்து ஊதுவத்தி ஏற்றுவார்கள். ஓரத்தில் ஒரு கிண்ணம் மட்டும் சோறில்லாமல் இருக்கும். அது மாய்க்கு.

"செத்தவங்களுக்குத்தான் சோறு. அவ உசுரோட இருக்கா. வந்து உக்காந்ததும் நானே போடுவேன்" என்பார் லானம்மா.

எழுபத்தைந்தில் சண்டை ஓய்ந்தது. அடுத்த வருடம் நாடு ஒன்றானது. லானம்மா தினமும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு தபால்காரருக்காக வாசலில் நின்றதை நானே பார்த்தேன். அவர் போட்ட கடுதாசிகள்தான் திரும்பி வந்தன. தொண்ணூற்றொன்றில் கண்ணை மூடினார். மகளிடம் கேட்டது ஒன்றுதான்: சேதி தெரிகிற வரைக்கும் அந்தக் கிண்ணத்தை வை, தெரியாமல் சோறு போட்டுவிடாதே.

அக்கா வைத்தார். மில்லை மூடினார்கள், அவர் வீட்டுக்காரர் போனார், மூலக்குளத்துக்கு வீடு மாறினோம். கிண்ணம் கூடவே வந்தது.

"ஒங்க சித்திக்குத் தொண்ணூறு தாண்டிருக்கும்க்கா. இன்னுமா கெளம்பல?" என்று கிண்டல் செய்வேன்.

"ஒனக்கு இன்னா போச்சு, கமலா? நீ ஒன் வேலையப் பாரு" என்பார்.

போன வருடம் அக்காவின் மகள் சுடர்விழி, லானம்மாவும் மாயும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோவை வியட்நாம்காரர்கள் பார்க்கும்படி செல்போனில் போட்டு வைத்தாள். இந்தத் தையில் மாயின் மகளே கூப்பிட்டுவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு அந்த மொழி அரைகுறைதான், ஆனாலும் விஷயம் புரிந்தது. மாய் எழுபத்திரண்டிலேயே குண்டுவீச்சில் இறந்துபோனாராம். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அந்த அம்மாள் தங்கள் வீட்டுப் பூசை மாடத்தைக் காட்டினார். நடுவில் லானம்மா போட்டோ. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் நிறையச் சோறு. லானம்மா ஏறிய கப்பல் மூழ்கிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, மாய் தன் அக்காவுக்கு வருடா வருடம் சோறு வைத்திருக்கிறார். அவருக்குப் பின் பிள்ளைகளும் விடவில்லை.

அப்போதுதான் அக்கா உடைந்து அழுதார்.

"எங்கம்மா இங்க பாயசம் ஊத்திக்கினு இருந்தப்பவே அங்க சோறு வச்சிருக்காங்க, கமலா. செத்துப்போன சித்திக்கு நாங்க வெறுங்கிண்ணத்த வச்சிக்கினு இருந்திருக்கோம்."

புது வருடத்தன்று நான் போனபோது அக்கா அந்தக் கிண்ணத்தில் சோற்றை அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். பருக்கைகள் கீழே சிந்தின.

"போதும்க்கா, வழியுது" என்றேன்.

"அம்பது வருஷத்துக்கு மேல பட்டினி கெடந்திருக்காங்கடி. சும்மா இரு" என்று சொல்லி, இன்னொரு கரண்டி வைத்தார்.