நாலாவது சேனலில் கேட்டது

மைக்செட்காரர் அதிகம் பேசமாட்டார். ஊரார் பேச்சுக்கெல்லாம் சத்தம் கூட்டிக் கொடுக்கிற மனுஷனுக்குச் சொந்த வாய் எதற்கு என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் கடை. தரையெல்லாம் வயர், சுவரோரம் கிழிந்த ஸ்பீக்கர்கள். எந்த ஆம்ப்ளிஃபயர் உயிரை விட்டு வந்தாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அப்படியொரு காது. அந்தக் காதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். அவளை ஒரு பாஸ்டருக்குக் கட்டிக்கொடுத்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏய், மைக்செட்டு" என்று கூப்பிட்டவர்கள் "பாஸ்டர் மச்சான், வாங்க" என்றார்கள். யாருக்குத்தான் கசக்கும்?

ஞாயிறு ஆராதனைக்கு மைக் அவர் பொறுப்பு. பாஸ்டர் அங்கியில் குத்தியிருக்கும் காலர் மைக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் நாலாவது சேனல். பாடகர் குழு பாடும்போது பாஸ்டர் பக்கத்து அறைக்குப் போவார்; பிரசங்க நோட்டை எடுத்துக் கொடுக்கத் தங்கையும் அங்கே இருப்பாள். உடனே இவர் அந்தச் சேனலை இறக்கிவிட்டு, ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் திரும்பி வரும் நேரம் தெரியவேண்டுமே!

கல்யாணமாகி மூன்றாவது மாதம். அறைக்குள்ளிருந்து பளாரென்று ஒரு சத்தம் ஹெட்ஃபோனில் வந்தது. பின்னாலேயே தங்கையின் குரல். சேனல் அன்று இன்னும் பாதி மேலே இருந்தது. வெளியே கேட்டுவிடப்போகிறதே என்று பதறி இறக்கிவிட்டார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எழுந்து ஓடவில்லை, கதவைத் தட்டவில்லை, சத்தத்தை இறக்கினார்.

மறுநாள் தங்கையிடம் கேட்டார். "பீரோ கதவுல இடிச்சுக்கிட்டேண்ணா" என்றாள். சபைச் செயலாளரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னார். "குடும்பம்னா அப்படி இப்படித்தான் தம்பி இருக்கும். கர்த்தரோட ஊழியக்காரர் விஷயத்துல கை வைக்கிறது பாவம்" என்றார் அவர். ஊழியக்காரர் கை வைப்பது மட்டும் பாவமில்லை போலிருக்கிறது!

ஏழு வருஷம் ஓடியது. அறைக்குள் போகும்போது பாஸ்டர் ஒருநாளும் மைக்கை அணைக்கவில்லை. மச்சான் பார்த்துப்பார் என்ற தைரியம். ஒரு ஞாயிறு தங்கையின் விரலை முறுக்கி ஒடித்தார். சுள்ளி முறிகிற மாதிரி அதுவும் கேட்டது. பத்தாவது நிமிஷம் அதே ஆள் மேடையேறி, மனைவியை நேசியுங்கள் என்று உருக்கமாகப் பேசினார். மைக்செட்காரர் அந்தக் குரலுக்கு இனிமை கூட்டிக் கொடுத்தார். கேவலம்தான். வேறென்ன சொல்ல?

இந்த ஞாயிறு வெளியிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டரை நாற்பது சபைகளுக்கும் தலைவராக வைக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டால் அவரைத் தட்டிக்கேட்க மேலே ஆளே கிடையாது. தங்கை அடிபட்டே சாகவேண்டியதுதான்.

பாட்டு ஆரம்பித்தது. ஹெட்ஃபோனில் முதல் அறை விழுந்தது. பிறகு ஒரு உதை.

"அடிக்காதீங்க, மைக் ஆன்ல இருக்கு. அண்ணனுக்குக் கேக்கும்."

"உங்கண்ணனா?" பாஸ்டர் சிரித்தார். "ஏழு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கான். என்னத்தக் கிழிச்சான்?"

மைக்செட்காரருக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. நாலாவது சேனலை முழுசாக மேலே தள்ளினார்.

"பிரசங்க நோட்டை எடுத்து வைக்கத் துப்பில்ல, நாயே! அவனுங்க முன்னாடி என்னத்தப் பேசுறது?" நானூறு பேர் தலைக்குமேல் பாஸ்டரின் குரல் இடித்தது. பீரோவில் தலை மோதியது, ஒருதரம், இரண்டுதரம். தங்கையின் அலறல் கோயில் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றுபோனது. குழந்தைகள் வீறிட்டு அழுதன.

மைக்செட்காரர் ஓடிப்போய்க் கதவை எட்டி உதைத்தார். தங்கையின் தலைமுடி பாஸ்டரின் கையில் சுருண்டு கிடந்தது. விட்ட முதல் குத்தில் பாஸ்டரின் பல் தெறித்து வெள்ளை அங்கியெல்லாம் ரத்தம். கீழே தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, மூக்கு, வாய், கண் என்று பார்க்காமல் குத்தினார். ஏழு வருஷத்து அடியையும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிற வெறி. நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தெடுத்தார்கள்.

"சிங்கம்யா நீ!" என்று அவர் தோளைத் தட்டினார்கள். செயலாளர் அந்த மூன்று பெரியவர்களிடம் கைகூப்பினார். "சத்தியமா எங்க யாருக்கும் இது தெரியாதுங்கய்யா. இன்னைக்குத்தான் கர்த்தர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாரு."

மைக்செட்காரர் தட்டுகிற கைகளுக்குத் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

தங்கை சுவரைப் பிடித்து எழுந்தாள். உதடு கிழிந்து தொங்கியது. "நீ அடிச்சது எனக்கு வேணாம்ணா. இந்த ரூம்ல அடிக்க எப்பவும் ஆள் இருந்துச்சு, வெளிய சொல்லத்தான் ஆளில்ல. போய்ச் சொல்லு."

"என்னத்தம்மா சொல்ல?"

"எப்பலேருந்து தெரியும்னு சொல்லு. மைக்ல பச்சை லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். இப்ப வந்துடுவே, இப்ப வந்துடுவேன்னு."

மைக்செட்காரர் விரல் முட்டிகளில் ரத்தம் வழிய மேடையேறி மைக்கின் முன் நின்றார். வாழ்க்கையில் முதல்தடவை.

"எனக்குத் தெரியும்," என்றார். "ஏழு வருஷமா தெரியும். செயலாளர்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"தம்பி, இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று செயலாளர் எழுந்தார். மூன்று பெரியவர்களில் ஒருவர் அவரைக் கையமர்த்தி உட்காரவைத்தார். தங்கை வாயில் துணியை அழுத்திக்கொண்டு கதவருகே நின்று அண்ணனையே பார்த்தாள்.

"அவ அழறது உங்க காதுல விழுந்துடக் கூடாதுன்னு," மைக்செட்காரர் சொன்னார், "வாராவாரம் சத்தத்தை இறக்குனது நான்தான்."