குடத்துக்கு வேலையில்லாத ஊர்

மலையாளத்துப் பழவங்காடியில் என் பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள் குடம் வாங்குவதில்லை. வாளி வாங்குவார்கள், உருளி வாங்குவார்கள். குடத்தைக் கையில் எடுத்து, “பூஜைக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள். நான் மலைக்கு அந்தப் பக்கம், தென்காசிக்குக் கிழக்கே பிறந்தவன். எங்கள் கல்யாணச் சீரில் முதலில் கண்ணில் படவேண்டியது குடம்தான். அந்த நம்பிக்கையில் கடை போட்ட புதிதில் லாரி நிறையக் குடம் கொண்டுவந்து இறக்கினேன். அதில் பாதி இன்னும் பரண்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. தப்பு என்னுடையதுதான் என்றாலும், மலைக்கும் அதில் பங்கு உண்டு.

மலை ஒன்றுதான். அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் இந்தப் பக்கமே பாரத்தை இறக்கிவிட்டு, எங்கள் பக்கம் வெறுங்காற்றாக வந்து சேரும். இங்கே தோண்டிய இடத்தில் தண்ணீர். அதனால் ஆளுக்கொரு கிணறு, கிணற்றையொட்டி வீடு, வீட்டைச் சுற்றி மதில். பக்கத்து வீட்டை ஒரு வார்த்தை கேட்காமலே ஒருவர் வாழ்ந்து முடித்துவிடலாம். எங்கள் பக்கமோ ஊருக்கு ஒரு குளம், ஒரு நல்லதண்ணீர்க் கிணறு. தண்ணீர் ஓரிடத்தில் இருந்ததால் வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டி அதன் அருகிலேயே நின்றுவிட்டன. வயலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும்; முறை தப்பினால் மண்டை உடையும். உடைந்தவன் வீட்டுப் பெண்ணும் உடைத்தவன் வீட்டுப் பெண்ணும் மறுநாள் காலையில் அதே கிணற்றடியில்தான் நிற்கவேண்டும். நீரடித்து நீர் விலகாது என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. விலகிப் போக இன்னொரு கிணறு கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பொன்முடிக்குப் போகும் சாலைப் பக்கம் கிணற்றோடு ஒரு வீடு வாங்கி, என் மனைவி பேச்சியம்மாளை அழைத்துவந்தேன். அடுப்படிக் கதவைத் திறந்தால் தண்ணீர், இனி உனக்கு என்ன குறை என்று பெருமையாகக் கேட்டேன். அவள் கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றிவந்தாள். பிறகு ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு சரளா டீச்சரின் கேட்டைத் திறந்தாள். டீச்சர் ஓய்வுபெற்றுத் தனியாக இருப்பவர். எங்கள் கிணறு நிறைந்து கிடக்க, இவள் அவர் கிணற்றில் இறைத்து வருவாள். டீச்சரின் முட்டுவலி, துபாயில் இருக்கும் மகள், எந்த மீன்காரி ஏமாற்றுகிறாள் என்பதெல்லாம் ராத்திரிச் சோற்றோடு எனக்கு வந்துசேரும். அந்த நாட்களில் அவள் முகம் தெளிந்திருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசி பிடித்துவிட்டது போலும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

டீச்சர் வேறு மாதிரி நினைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலோரம் என்னைக் கூப்பிட்டார்.

“சாரே, உங்க கிணற்று வெள்ளம் கொள்ளில்லே? நல்ல தண்ணியில்லயா? பேச்சி தினமும் குடம் சுமக்குந்நு. சொல்லாம இருந்துட்டீங்களே, எனக்கு சங்கடமாயி.”

அடுத்த வாரமே டீச்சர் அனுப்பிய ஆட்கள் வந்து, அவர் வீட்டுத் தொட்டியிலிருந்து மதில்மேல் பைப் இழுத்து, எங்கள் அடுப்படியில் குழாய் வைத்துவிட்டார்கள். தண்ணீருக்கு வெட்டுக்குத்து நடக்கும் சீமையிலிருந்து வந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பி நின்றேன். “இனி மோள் கஷ்டப்படண்டா” என்றார் டீச்சர். “சரி டீச்சர்” என்று பேச்சியம்மாள் சிரித்தாள். அன்று மாலை குடத்தைத் துலக்கிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அதன்பிறகு அவள் அந்தக் கேட்டைத் திறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண் வெறுங்கையோடு இன்னொரு வீட்டுக்குள் போனால் வேலையற்றவள் என்று பெயர் வரும். டீச்சரின் வழக்கத்தில் கூப்பிடாமல் அடுத்தவர் வீட்டுக்குப் போவது மரியாதை இல்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், மதிலுக்கு இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள். நல்லது செய்யப் போய் அந்த பைப் என் வீட்டை ஊமையாக்கிவிட்டது. எனக்கு அது தெரியவில்லை என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆடி மாதம் அண்ணன் வீட்டுக்குப் போன பேச்சியம்மாள் திரும்பி வரவில்லை. “கோவம்லாம் ஒண்ணுமில்ல. அங்கன ஒரு வார்த்த பேசணும்னா பல்லியத்தான் கூப்பிடணும்” என்றாள். இப்போது நான்தான் தம்பானூரில் பஸ் ஏறி மாதாமாதம் போய்வருகிறேன். ஆரியங்காவில் மழைக்கு ஜன்னல் ஷட்டரை இறக்குவேன். செங்கோட்டை தாண்டினால் புழுதிக்காகத் திரும்பவும் இறக்கவேண்டும்.

அங்கேயும் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஆனாலும் பெண்கள் குடத்தோடு பழைய கிணற்றுக்குப் போகிறார்கள். குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாதாம். போன தடவை பேச்சியம்மாளும் குடத்தோடு கிளம்பினாள். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆனது. அன்றைக்கு வீட்டில் பருப்பே வேகவைக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அவள் குடத்தை இறக்கித் துடைத்து, டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

“எந்தா சாரே, பைப் கேடாயோ?”

“இல்ல டீச்சர், சும்மா.”

அவர் புரியாமல் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மளமளவென்று இறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததும் பேச்சியம்மாளுக்கு போன் செய்து, சாதித்தவன் போலச் சொன்னேன். அவள் சிரித்தது கேட்டது.

“டீச்சர் எப்படி இருக்காவ? முட்டுவலி கொறஞ்சிருக்கா?”

“கேக்கல.”

“மக வந்துட்டுப் போனாளாமா?”

“அதுவும் கேக்கல.”

“அப்ப தண்ணி மட்டுந்தான் கொண்டாந்திருக்கிய” என்றாள்.

போனை வைத்துவிட்டுக் குடத்தை முற்றத்தில் கவிழ்த்தேன். தண்ணீர் சரிவில் இறங்கி மேற்கே ரோட்டைப் பார்த்து ஓடியது. வருஷத்தில் பாதி மழை பெய்யும் இந்த மண்ணில், என் கால் தானாக மண்ணைத் தள்ளி அதை மறித்துக்கொண்டிருந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, காலிக் குடத்தோடு மறுபடியும் டீச்சரின் கேட்டைத் திறந்தேன்.