தபீதாள் அக்காவின் நாலடி வாசல்

தபீதாள் அக்கா எல்லாவற்றையும் அளந்திருந்தார், படியைத் தவிர.

கோயம்புத்தூரில் கிரைண்டருக்குச் சொல்லிவிட்ட மறுநாளே கதவு நிலையை அளந்தார். கூடத்தை அளந்தார். பின்னறையில் மெஷின் நிற்கப் போகிற இடத்துக்குச் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதைச் சுற்றி என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். டேப்பில் அளந்தது போதாதென்று கையால் முழம் போட்டும் சரிபார்த்தார். அரிசி ஊறுகிற தண்ணீரைக்கூட விரலை விட்டு, இரண்டாவது ரேகை நனைகிறதா என்று பார்க்கிறவர் அவர். முடிச்சூரில் எங்கள் தெருவில் அவரை மாவு அக்கா என்பார்கள். ஆறு வருடமாக அவரிடம் வேலை செய்கிற எனக்கு அவர் அளவு அக்கா.

இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுவதுதான் தொழில். பத்து லிட்டர் கிரைண்டர் மூன்று. ஒவ்வொரு முறை அரைத்து முடித்ததும் கல்லைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் மாவை வழிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது தூக்குவோம். ஆகஸ்ட் மாதம் அக்காவின் வலது தோள் பிடித்துக்கொண்டது. தாம்பரத்து டாக்டர், இனிமேல் கல்லைத் தூக்கினால் தலை வாரவும் அந்தக் கை மேலே போகாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் மட்டும்தான் தூக்கினேன். என்னால் முடிந்தது பாதிதான். இரண்டு கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். தானே சாய்ந்து மாவைக் கொட்டுகிற நாற்பது லிட்டர் கிரைண்டர் ஒன்று வந்தால் தொழில் நடக்கும். இல்லாவிட்டால் பொங்கலோடு நிறுத்திவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார்.

அந்த கிரைண்டர் அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரியில் வந்தது. மரச்சட்டம் அடித்து, பிளாஸ்டிக் சுற்றி, இருநூற்று எண்பது கிலோ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காவல் வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

லாரியை ஓட்டி வந்தவர் பெயர் துரை. இறங்கினவர் இடுப்பில் கை வைத்து வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது? வூட்டத் தூக்கி மேல வச்சிக்கினு கீற?"

"ஆமா தம்பி. தூக்கித்தான் வச்சிருக்கு. தொண்ணூறு ஜாக்கி போட்டு."

துரை சிரித்தார். அக்கா கேலி பண்ணுகிறார் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அது நிஜம். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் இந்த வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றது. அக்கா பிள்ளைகளோடு இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் இருந்தார். அப்புறம் மூன்று வருடம் கழித்து, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, ஜாக்கி கொடுத்து, வீட்டை அப்படியே உயர்த்தினார்கள். வீடு ஒவ்வொரு விரல்கடையாக ஏறிக்கொண்டிருந்தபோதும் அக்கா உள்ளே சோறு பொங்கிக்கொண்டுதான் இருந்தாராம். இப்போது தெருவிலிருந்து வராந்தா நாலடி உயரம்.

உயர்த்தியபோது முன்னால் படி கட்ட இடமில்லை. வராந்தா விளிம்பே ரோட்டு ஓரம்தான். அதனால் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஏழு படி, இரண்டடி அகலத்தில், மேலே போய் ஒரு திருப்பம். நாங்கள் தினமும் அதில்தான் மாவு டப்பாவோடு ஏறி இறங்குகிறோம். அது எங்கள் கண்ணில் படவேயில்லை.

லாரியோடு வந்த இரண்டு லோடுமேன்களில் மூத்தவர் மோகன்ராஜ். அவர் படிமேல் ஏறிப் போய்த் திருப்பத்தில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"அக்கா, இது ரெண்டு பேர் தூக்குற அயிட்டம் இல்ல. ஆறு பேர் வேணும்."

"ஆறு பேரைக் கூட்டியாரவா?"

"ஆறு பேர் வந்தா நிக்க எடம் எங்க கீது? ஒருத்தன் படியில நிப்பான், அஞ்சு பேரு அந்தரத்துல நிக்கணும்."

"ரோட்டோரமா எறக்கிட்டுப் போறோம்க்கா," என்றார் துரை. "இல்லாங்காட்டி திருப்பி குடோனுக்கு எடுத்துக்கினு போய்டறேன். நீ ஆள் ரெடி பண்ணிட்டு போன் போடு. மேடவாக்கத்துல ரெண்டு லோடு, சேலையூர்ல ஒண்ணு கீது. அர மணி நேரம் பாக்குறேன், அதுக்கு மேல பேஜாராயிடும்."

வானம் தென்கிழக்கில் கறுத்திருந்தது. ரோட்டில் இறக்கினால் நனையும். திருப்பி அனுப்பினால் எப்போது மறுபடி வருமோ. வந்தாலும் இதே படிதான்.

"படிய விட்டுட்டனே," என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "படிய விட்டுட்டனே பிள்ள," என்றார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மோகன்ராஜ் லாரியின் பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு, அதன் மேல் சாய்ந்து தண்ணீர் குடித்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் லாரியின் பின்னால், அதன் தளத்தை ஒட்டி, நெஞ்சு படுகிற மாதிரி நேராக நின்றார். அங்கிருந்து வந்து வராந்தாவை ஒட்டி அதே மாதிரி நின்றார். மறுபடி லாரிக்குப் போனார்.

"இன்னாக்கா, லாரிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றார் துரை.

அக்கா தன் கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே திரும்பினார். "ரெண்டும் ஒரே உசரம் தம்பி. வராந்தா மூணு விரல்கடை கூட. அம்புட்டுதான். இறக்கவே வேண்டாம். லாரிய வாசல்ல முட்டக் குடுத்து அப்படியே உள்ள தள்ளிருவோம்."

துரை சிரிக்கவில்லை. லாரியைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "மேட்டர் கரெக்ட்தான். ஆனா தெரு பதினெட்டு அடி. வண்டி இருபத்திமூணு. குறுக்கால நிறுத்துனா மூஞ்சி எதிர் வூட்டு கேட்டுக்குள்ள பூந்துடும்."

எல்லோரும் எதிர் வீட்டைப் பார்த்தோம்.

அது லக்ஷ்மிநாராயணன் சார் வீடு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா வீட்டை உயர்த்திய அடுத்த வருடம் ரோட்டையும் ஓர் அடி உயர்த்திப் போட்டார்கள். சார் வீடு பள்ளமாகிவிட்டது. சாதாரண மழைக்கே தெருத் தண்ணீர் அவர் போர்ட்டிகோவில் இறங்கும். ரோடு அக்கா போட்டதில்லை. ஆனாலும் முதலில் உயர்ந்தது அக்கா வீடுதானே. "நீ மேல ஏறிண்டுட்ட. தண்ணி எங்க போகும்னு யோசிச்சியா?" என்று ஒரு நாள் வாசலில் நின்று கேட்டாராம். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் வருடக்கணக்காக ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் அவர் வீட்டு மாமி நாகலக்ஷ்மி வாரத்துக்கு இரண்டு நாள் எங்களிடம்தான் மாவு வாங்குவார். சார் காலை நடைக்குப் போயிருக்கும்போது, கீரைக் கட்டுக்கு அடியில் மாவுப் பாக்கெட்டை வைத்து, பக்கத்துச் சந்து வழியாக நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இப்போதும் என்னைத்தான் மாமியிடம் கேட்க அனுப்புவார் என்று நினைத்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தெருவைக் கடந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார்; நான் அவர் பின்னால் போய் நின்றேன்.

சார் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லாரி வந்ததிலிருந்து ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை என்பதை நான் பார்த்திருந்தேன்.

"சார்."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "என்ன?"

"லாரி மூக்கு ஒரு பத்து நிமிஷம் உங்க கேட்டுக்குள்ள வரணும் சார்."

"எதுக்கு?"

"பின்னாடி என் வாசல்ல முட்டணும். முன்னாடி நீளுது."

"என்ன மெஷின்?"

"மாவு கிரைண்டர் சார். தோள் போயிட்டு. கல்லத் தூக்க முடியல. இது தானா சாயும். இன்னைக்கு உள்ள போகலன்னா தொழிலயே விட்டுறணும்."

சார் பேப்பரை மடித்தார். "தோள் எப்போலேர்ந்து?"

"ஆகஸ்ட்லருந்து."

"அதானே பார்த்தேன். ரெண்டு மாசமா மாவு நறநறன்னு இருக்கு."

உள்ளே மாமியின் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. நான் தரையைப் பார்த்தேன். அக்கா என்னைக் கையால் காட்டி, "அது இந்தப் பிள்ள அரைக்குறது சார்," என்றார்.

"யார் அரைச்சா என்ன, சாப்பிடறது நான்தானே," என்று சொல்லிவிட்டு சார் கார் சாவியை எடுக்க உள்ளே போனார்.

காரைத் தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். "டைல்ஸ் போன வருஷம் போட்டது. ஒண்ணு உடையக் கூடாது."

"சார், கோலம்கூட அழியாது சார்," என்றார் துரை.

"கோலம் அழிஞ்சா நாளைக்குப் போட்டுக்கறேன். டைல்ஸைப் பாருங்கோ," என்று உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது.

எங்கள் அரிசிச் சாக்கு எட்டைக் கொண்டுவந்து டைல்ஸ் மேல் விரித்தேன். வராந்தா ஓரத்துக் கைப்பிடிக் குழாயை மோகன்ராஜ் நாலு போல்ட் கழற்றி எடுத்து வைத்தார். துரை லாரியை முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை வளைத்தார். இந்தப் பக்கம் அக்கா, "வா, வா," என்றார். அந்தப் பக்கம் சார், "போறும், போறும், லெஃப்ட்ல ஒடி," என்றார்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா!" என்று துரை கத்தினார்.

"அந்தம்மா சொல்றதைக் கேளுங்கோ. நான் டைல்ஸ் மட்டும் பார்க்கறேன்," என்றார் சார்.

முன்சக்கரம் இரண்டும் ரோட்டிலிருந்து சார் வீட்டுப் பள்ளத்தில் இறங்கின. அப்போது நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. முன்பக்கம் தாழ்ந்ததும் லாரியின் வால் மெல்ல உயர்ந்தது. அக்கா வராந்தாவுக்கும் லாரிக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தார். மூன்று விரல் வித்தியாசம் ஒரு விரல்கூட இல்லை.

"போதும் தம்பி. அப்படியே நிறுத்து."

லாரியில் கிடந்த இரண்டு சென்ட்ரிங் பலகையை லாரிக்கும் வராந்தாவுக்கும் குறுக்கே போட்டார்கள். லோடுமேன்கள் கடப்பாரையால் நெம்பி, அடியில் இரும்புக் குழாய்களைச் செருகினார்கள். லாரி முன்பக்கம் சரிந்திருந்ததால் மெஷினை மேட்டில் ஏற்றுகிற மாதிரி தள்ள வேண்டியிருந்தது. பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. பிறகு ஒரு சாண் பின்னால் போனது. மோகன்ராஜ், "வுடாத, வுடாத!" என்று கத்தினார். துரை சீட்டிலிருந்து குதித்துப் பின்னால் ஏறினார். அக்கா இடது தோளைக் கொடுத்தார். நானும் ஏறிப் போய் மரச்சட்டத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். கீழே சார், முன்சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கல்லைக் காலால் அழுத்திக்கொண்டு, "இன்னும் ஒரு தள்ளு, இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

குழாய் பலகையின் மேல் ஏறிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் மெஷின் தானாகவே போவது போல வராந்தாவுக்குப் போய்விட்டது. கூடத்தில் கடகடவென்று உருண்டு, பின்னறைக் கதவு நிலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் இடம் விட்டு நுழைந்து, சாக்பீஸ் கட்டத்துக்குள் நின்றது. மோகன்ராஜ் சட்டத்தைப் பிரித்தார். கல்லில் கீறல் இல்லை. அக்கா அதை நாலு பக்கமும் தடவிப் பார்த்த பிறகுதான் துரையின் ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

"அக்கா, அடுத்த தபா மாடி வூட்டுக்கு லோடு வந்தா உன்னையும் கூப்ட்டுக்கினு போறேன்," என்று சொல்லிவிட்டு துரை வண்டியை எடுத்தார்.

டைல்ஸ் ஒன்றும் உடையவில்லை. ஆனால் சாக்குக்கு வெளியே டயர் சேறு நீளமாகப் பதிந்திருந்தது. அக்கா ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். அந்த கேட்டைத் தாண்டி அக்கா உள்ளே போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"விடும்மா, வேலைக்காரி வருவா," என்றார் சார்.

அக்கா கேட்கவில்லை. தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். சேறு போய்விட்டது. தண்ணீர் மட்டும் போகவில்லை. தெருப்பக்கம் தள்ளத் தள்ள, திரும்பி வந்து வீட்டுக் கதவோரத்தில் தேங்கியது. அக்கா நிமிர்ந்து நின்று அதைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். இங்கிருந்து பார்க்க அது நாலடி மாதிரி தெரியவில்லை, அதைவிட உயரமாக இருந்தது. சாரின் நாற்காலியில் உட்கார்ந்தால் வராந்தாவின் அடிப்பாகம்தான் கண்ணுக்கு நேரே இருக்கும்.

"சார், இங்கேருந்து பாத்தா..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டார்.

"ஆமாம்," என்றார் சார்.

அக்கா உட்கார்ந்து குவளையால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்ற ஆரம்பித்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் கொட்டினேன். பெய்யாத மழைக்கு இரண்டு தடவை கொட்டினோம்.

"மழை வந்தா எத்தனை வாளி சார்?"

"எண்ணினதில்லை. பையன் பத்ரி ஊர்ல இருந்தா மோட்டார் வைப்பான். இல்லேன்னா நானும் இவளும் கட்டில்ல ஏறி உட்கார்ந்துப்போம்."

அக்கா கடைசியாக இருந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துப் பிழிந்தார். "இந்தத் தடவை கட்டில்ல ஏறாதீங்க சார். தண்ணி கேட்டைத் தாண்டுன உடனே குரல் குடுங்க. மேல நம்ம வீட்டுக்கு வந்து இருந்துக்கிடுங்க."

சார் பேப்பரை எடுத்துப் பிரித்தார். படிக்கிற இடத்தைத் தேடினார். "பார்க்கலாம்," என்றார்.

"வரோம்," என்று உள்ளேயிருந்து மாமி சொன்னார்.